மின்னுவதெல்லாம் புற்றுநோயா?

கீமோ நடந்துகொண்டிருக்கும் ஒருவரின் பெட் ஸ்கேன் படம் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கழுத்திலிருந்து இடுப்பு வரை முதுகெலும்பு கணுக்கணுவாக ஒளிர்கிறது. இடுப்பெலும்பும் தொடையெலும்பின் மேல்பகுதியும் அப்படியே. மண்ணீரலும் பளிச்சென்று தெரிகிறது. எலும்பெல்லாம் பரவிவிட்டது என்று பார்ப்பவர் நெஞ்சு பதறும். ஆனால் சில நாட்களுக்கு முன் அவருக்கு என்ன ஊசி போட்டார்கள் என்று முதலில் கேட்க வேண்டும். கீமோவில் குறைந்துபோகும் வெள்ளை அணுக்களைக் கூட்ட ஃபில்கிராஸ்டிம் போன்ற ஊசி போடுவார்கள். அது எலும்பு மஜ்ஜையை முடுக்கிவிடும். இரவு பகலாக அணுக்களைப் பெருக்கும் மஜ்ஜைக்குச் சர்க்கரை ஏராளமாக வேண்டும். நோய் பரவியிருந்தால் பெரும்பாலும் திட்டுத் திட்டாகத் தெரியும். இந்த ஒளியோ ஒரே சீராகப் படர்ந்திருக்கும்.

சர்க்கரை உடலில் எங்கே போகிறது என்பதைத்தான் பெட் ஸ்கேன் காட்டுகிறது. ஸ்கேனுக்கு முன் செலுத்தப்படும் எஃப்.டி.ஜி., ஃபுளூரின்-18 என்ற கதிரியக்க அணுவைச் சுமக்கும் குளுக்கோஸ். செல் அதை அசல் சர்க்கரையென்றே எண்ணி உள்ளே இழுத்து, ஒரு பாஸ்பேட்டையும் ஒட்டிவிடுகிறது. அதற்குமேல் அதைச் செரிக்கவும் முடியாது, எளிதில் வெளியே தள்ளவும் முடியாது. சிக்கிக்கொண்ட ஃபுளூரின் பாசிட்ரானை உமிழ, அது பக்கத்து எலக்ட்ரானோடு சேர்ந்து அழியும்போது எதிரெதிர்த் திசையில் இரண்டு காமாக் கதிர்கள் பாய்கின்றன. கருவி அவற்றைப் பிடித்து இடத்தைக் கணக்கிடுகிறது. இந்த ஃபுளூரினின் அரை ஆயுள் சுமார் 110 நிமிடம்தான். 1976இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் முதன்முதலாக மனிதருக்கு எஃப்.டி.ஜி. செலுத்தியபோது, நியூயார்க் மாநிலத்தின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் தயாரித்த மருந்தை விமானத்தில் கொண்டுவர வேண்டியிருந்தது.

புற்றுச் செல்கள் சர்க்கரையை அள்ளி விழுங்கும். புண்ணை ஆற்ற வரும் தற்காப்புச் செல்களும் அப்படித்தான். குழப்பம் இங்கிருந்துதான் தொடங்குகிறது. ரேடியேஷன் பட்ட நுரையீரல் அழற்சியால் ஒளிரும்; அதனால்தான் சிகிச்சை முடிந்து ஏறக்குறைய 3 மாதம் பொறுத்து ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள். தடுப்பூசி போட்ட கையின் அக்குளில் நெறி கட்டினால் அதுவும் ஒளிரும்.

ஆனால் என்னை மிகவும் வியக்க வைப்பது டால்க். நுரையீரலைச் சுற்றி மறுபடி மறுபடி நீர் கோத்தால், நீரை வடித்துவிட்டு, நுரையீரல் உறையின் இரண்டு அடுக்குகளுக்கும் நடுவே கிருமி நீக்கிய டால்க் தூளைச் செலுத்துவது பழகிய சிகிச்சை. அந்தத் தூள் வேண்டுமென்றே அழற்சியைக் கிளப்புகிறது. அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன, நீர் சேர இடமில்லாமல் போகிறது. டால்க் கரையாது. உடலும் அதைச் சும்மா விடாது. தற்காப்புச் செல்கள் அதைச் சுற்றிக்கொண்டே இருக்கும். ஆண்டுகள் கழிந்த பிறகும் அந்த இடம் பெட் படத்தில் கட்டியைப் போல எரியும். நல்லவேளையாக, கூடவே எடுக்கும் சி.டி. படத்தில் டால்க் வெள்ளைப் படிவாகத் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். என்றாலும், முன்பு டால்க் செலுத்திய விவரம் ஸ்கேன் சீட்டில் ஒரு வரி இல்லாமற்போனால், நோயாளி வீணாகத் திசுப் பரிசோதனைக்குப் போக நேரும்.

இவற்றிலெல்லாம் உடலில் நடப்பதைத்தான் படம் காட்டுகிறது. இல்லாத ஒளியைக் கணக்கே உண்டாக்குவதும் உண்டு. காமாக் கதிர்கள் உடலைக் கடக்கையில் ஓரளவு தேய்ந்துபோகும். அந்த இழப்பை சி.டி. படத்தை வைத்து ஈடுகட்டுவார்கள். செயற்கை இடுப்பு மூட்டின் உலோகம் அந்தக் கணக்கைக் கெடுத்து, அளவுக்கு மிஞ்சி ஈடுகட்ட வைக்கும். ஈடுகட்டாத படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

குரல் நாண்களின் கதை இதைவிட நுட்பமானது. இடப்பக்கக் குரல் நாணை இயக்கும் நரம்பு மார்புக்குள் இறங்கி, பெருந்தமனி வளைவைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறுகிறது. நுரையீரல் அறுவையில் அது அடிபட்டால் இடது நாண் அசைவற்றுப் போகும். பேசும் வேலை முழுவதும் வலது நாணின் தசைமேல் விழ, சர்க்கரையை அது மட்டுமே இழுக்கிறது. படத்தில் குரல்வளையின் வலப்பக்கம் ஒற்றைப் புள்ளியாக, அச்சு அசல் கட்டியைப் போலவே ஒளிர்கிறது. அதை நம்பி அங்கே ஊசி குத்தி மாதிரி எடுத்தால், கிடைப்பது ஆரோக்கியமான தசைதான்.