தூக்கணாங்குருவி தேரும் ஓலை

கடலூரிலிருந்து சிதம்பரத்திற்குப் பேருந்தில் வரும்போது பனைகளில் தொங்கும் தூக்கணாங்குருவிக் கூடுகளைக் கண்டிருப்பீர்கள். ஆப்பிரிக்கக் காட்டுக் கொரில்லா அந்திதோறும் அருகிலுள்ள செடிகளை வளைத்து ஓரிரவுப் படுக்கை அமைக்கிறது. நம் குருவிக்கோ குஞ்சு பறக்கும்வரை காற்றில் ஆடும் வீடு வேண்டும்; ஆகவே பொருளறிந்து தேர்கிறது.

ஆண் குருவியே நெசவாளி. நெல், கரும்பு, பனை இவற்றின் பச்சை இலை விளிம்பை அலகால் கீறிக் கவ்விப் பறக்கும். நார் நீளமாகக் கிழிந்து வரும். பச்சை நார் முடிச்சுக்கு வளையும், காய்ந்தபின் இறுகும். சருகோ ஒடிந்துவிடும். பாதிக் கூட்டைப் பெண் வந்து சோதிக்கும். பிடித்தால்தான் ஆண் மீதியை முடிக்கும். இவற்றையெல்லாம் சலீம் அலி 1930ஆம் ஆண்டு வாக்கிலேயே விரிவாக எழுதினார். உள்ளே மின்மினியை ஒட்டி விளக்கேற்றும் என்பார் என் பாட்டி. ஒட்டுவது ஈரமண் என்பது மட்டுமே மெய்.

மரத்தேர்வும் அப்படியே. கிளையற்ற நெடும்பனையில், ஓலை நுனியில் தொங்கும் கூட்டைப் பாம்பு எட்டுவது அரிது.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி கண்டவன் நானே முதல்வன். என்னைச் சேர்க்கும் செலவுக்காக வரப்பிலிருந்த இரண்டு பனைகளையும் அப்பா செங்கற்சூளைக்கு விற்றார். அடுத்த மழைக்காலத்தில் குருவிகள் வாய்க்காலோரக் கருவேலத்தில் கட்டின. தாழ்ந்த கிளை. மூன்று கூடுகளில் பாம்பு புகுந்துவிட்டது.