பூஜ்ய எண் பயனர்

ஆய்வுக்கூடத்தில் நான் முன்பு செய்த பிழை ஒன்றைச் சொல்கிறேன். அங்கிருந்த லினக்ஸ் கணிப்பொறியில் மாணவர்களின் கோப்புறைகளும் என்னுடையவையும் ஒரே இடத்தில் இருந்தன. 'பழைய' என்று தொடங்கும் என் கோப்புறைகளை நீக்க விரும்பினேன். அச்சொல்லை ஒட்டி நட்சத்திரக் குறி இட வேண்டும். கைதவறி நடுவே இடைவெளி விட்டுவிட்டேன். தனித்து நிற்கும் நட்சத்திரக் குறிக்கு 'இங்குள்ள அனைத்தும்' என்று பொருள்! சில நொடிகளில் மாணவர்களின் அளவீடுகள் யாவும் மறைந்தன. பாவம், அவர்கள் தனி ஊசலை மீண்டும் ஆட்ட வேண்டியதாயிற்று.

கணிப்பொறி ஏன் தடுக்கவில்லை? அப்போது நான் 'ரூட்' என்னும் நிர்வாகியாக நுழைந்திருந்தேன். சாதாரணப் பயனராக இருந்திருந்தால் என் கோப்புகள் மட்டுமே போயிருக்கும்.

1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் யூனிக்ஸ் பிறந்தது. ஒரே கணிப்பொறியைப் பலர் பகிர்ந்துகொண்ட காலம் அது. எனவே ஒருவர் கோப்பை மற்றவர் அழிக்காதிருக்க வேலி தேவைப்பட்டது. 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டொர்வால்ட்ஸ் உருவாக்கிய லினக்ஸும் அம்முறையையே பின்பற்றுகிறது.

லினக்ஸ் நம்மைப் பெயரால் அன்று, எண்ணால் அறிகிறது. ஒவ்வொரு கோப்புக்கும் உரிமையாளர், குழு, பிறர் என்ற மூவகையினருக்குத் தனித்தனி அனுமதி உண்டு. படிக்க 4, எழுத 2, இயக்க 1. ஒரு கோப்பின் அனுமதி 640 என்றால், உரிமையாளர் படிக்கலாம், எழுதலாம் (4+2), குழுவினர் படிக்க மட்டும் செய்யலாம், பிறருக்கு ஒன்றுமில்லை. 754 என்றால் என்ன? நீங்களே கண்டுபிடியுங்கள்.

ரூட்டின் எண் 0. படிப்பதற்கும் எழுதுவதற்கும் இந்த வேலிகள் அதைத் தடுப்பதில்லை.

இங்கே ஒரு புதிர். கடவுச்சொற்களின் மறைவடிவங்கள் உள்ள கோப்பில் எழுத ரூட்டுக்கே உரிமை. அப்படியானால் நாம் நம் கடவுச்சொல்லை மாற்றுவது எப்படி? இதற்கு விடை கண்டவர் யூனிக்ஸைப் படைத்தவர்களுள் ஒருவரான டென்னிஸ் ரிட்சி. ஒரு நிரலின்மீது 'செட்யூஐடி' என்ற குறியை இட்டால், அதை யார் இயக்கினாலும் அது தன் உரிமையாளரின் அதிகாரத்தோடு இயங்கும். கடவுச்சொல் மாற்றும் நிரலின் உரிமையாளர் ரூட். ஆனால் அந்நிரல் நம் பழைய கடவுச்சொல்லைக் கேட்டுச் சரிபார்த்து, நமக்குரிய வரியை மட்டுமே மாற்றும். அதிகாரம் நிரலுக்குத்தான், நமக்கன்று! இந்தக் கருத்துக்கு 1979இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது.

'சூடோ' என்னும் கட்டளையும் இக்குறியைக் கொண்டதே. அனுமதி பெற்ற பயனருக்கு அது ஒரு கட்டளைக்கு மட்டும் ரூட்டின் அதிகாரத்தை இரவல் தருகிறது.

லினக்ஸ் கணிப்பொறி கிடைத்தால் 'ஐடி' என்ற இரண்டெழுத்துக் கட்டளையை ஆங்கிலத்தில் தட்டிப் பாருங்கள். உங்கள் எண் தெரியும். அது 0 என்றால் உடனே வெளியேறிச் சாதாரணப் பயனராக நுழையுங்கள். நிர்வாகியின் கடவுச்சொல் கையில் இருந்தும், நானும் இன்று அப்படித்தான் நுழைகிறேன்.