நெருஞ்சி முள்ளும் டியூப் இல்லாத சக்கரமும்

சென்னையிலிருந்து திருப்பதிக்குச் சைக்கிள் மிதிப்பவர்கள் திருத்தணி, நகரி, புத்தூர் தாண்டி வடமாலபேட்டையை நெருங்கும்போது வெயில் நன்றாக ஏறியிருக்கும். தார்ச்சாலையில் போகும்வரை தொல்லை இல்லை. லாரிக்கு ஒதுங்கி மண் ஓரத்தில் இறங்கினால்தான் வினை. அங்கே தரையோடு தரையாகப் படர்ந்து கிடப்பது நெருஞ்சி. அதன் காய் முற்றினால் ஐந்து துண்டாகப் பிரியும். ஒவ்வொன்றிலும் இரண்டு பெரிய முள். எப்படி விழுந்தாலும் ஒரு முள்ளாவது வானத்தைப் பார்த்து நிற்கும். அது போதாதென்று சீமைக்கருவேலம் வேறு. இந்தப் புண்ணியத்தைக் கட்டிக்கொண்டது சென்னை மாகாண வனத்துறை: 1877இல் கடப்பை மாவட்டத்துக் கமலாபுரத்தில் நட்டார்கள்.

சாலையும் மண்ணும் மாறி மாறி வரும் இந்த மாதிரிப் பாதைக்குச் சைக்ளோகிராஸ் சைக்கிள் தோதானது. வளைந்த கைப்பிடி கொண்ட பந்தய சைக்கிள்தான். ஆனால் டயர் கொஞ்சம் பருமன், பட்டன்களும் உண்டு. ஐரோப்பியக் குளிர்காலத்தில் சேற்றிலும் புல்லிலும் ஓட்டி, ஓட்ட முடியாத இடத்தில் தோளில் தூக்கிக்கொண்டு ஓடும் பந்தயத்துக்காகப் பிறந்தது. பிரான்சின் முதல் தேசியப் போட்டி 1902இல் நடந்தது. இன்றைய சர்வதேச விதிப்படி டயர் 33 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது.

சேற்றில் பிடிமானம் வேண்டுமென்றால் காற்றைக் குறைக்க வேண்டும். அந்தப் பந்தயக்காரர்கள் 20, 25 பிஎஸ்ஐ வரைக்கும் இறக்குவார்கள். டியூப் இருந்தால் அங்கேதான் சிக்கல்: கல்லில் மோதியதும் டயர் நசுங்கி, டியூப் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே மாட்டி, அருகருகே இரண்டு ஓட்டை விழும். டியூபையே எடுத்துவிட்டால் நசுங்க எதுவும் இல்லை. காருக்கு இதைச் செய்துகாட்டியவர் அமெரிக்காவின் பி.எஃப்.குட்ரிச் நிறுவனத்து ஃபிராங்க் ஹெர்செக். காப்புரிமை கிடைத்தது 1952இல். மலை சைக்கிளுக்கு மாவிக் நிறுவனத்தின் டியூப்லெஸ் முறை 1999இல்தான் வந்தது. காரணம் ஸ்போக். கார் ரிம்மில் வால்வுக்கு மட்டும்தான் துளை. சைக்கிள் ரிம்மிலோ ஸ்போக் நிப்பிளுக்கென்று முப்பது துளைபோல உண்டு. அத்தனையிலும் காற்று ஓடிவிடும்.

அதனால் மாற்றும் வேலை டேப்பில் தொடங்குகிறது. ரிம்மின் உட்புறத்தை எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்து, அதன் உள் அகலத்தைவிடச் சற்றே அகலமான டேப்பை இழுத்துப் பிடித்துச் சுற்ற வேண்டும். சுருக்கம் விழுந்தால் பிரித்துவிட்டு மறுபடி சுற்றுவது நல்லது. பின்னால் வரும் கசிவில் பாதி இங்கே பிறப்பதுதான். டேப்பில் சிறு துளையிட்டு டியூப்லெஸ் வால்வை முடுக்குங்கள். டயரும் டியூப்லெஸுக்கென்றே செய்ததாக இருக்கட்டும். சாதாரண டயரின் விளிம்பு காற்றழுத்தத்தில் நீண்டு, ரிம்மை விட்டுத் துள்ளிவிடலாம்; இதில் சிக்கனம் பார்ப்பது ஆபத்து.

அடுத்தது விளிம்பை உட்காரவைப்பது. ரிம்மின் நடுப்பள்ளத்தில் கிடக்கும் டயர் விளிம்பு இரு பக்கமும் ஏறி மேடையில் அமர வேண்டும். கைப்பம்பு அடிக்கிற வேகத்தைவிட இடைவெளியில் ஒழுகுகிற வேகம் அதிகம். உள்ளே மொத்தமே இரண்டு லிட்டருக்கும் குறைவான காற்றுதான். ஆனால் அது ஒரே மூச்சில் போக வேண்டும். இதற்கு நெடுஞ்சாலை பஞ்சர் கடைக் கம்ப்ரசர் போதும். விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவி, வால்வின் உள்ஊசியைக் கழற்றிவிட்டு அடித்தால் ‘டப், டப்’ என்று ஏறி உட்காரும். கடைக்காரர் லாரிப் பழக்கத்தில் அழுத்திவிடாமல், ரிம்மில் எழுதியிருக்கும் உச்ச அழுத்தத்தை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

முள்ளை வெல்வது டயர் அல்ல, உள்ளே ஊற்றும் சீலன்ட். பெரும்பாலானவை ரப்பர் பால்தான். கன்னியாகுமரித் தோட்டங்களில் பால் உறையாமலிருக்க அமோனியா சேர்ப்பதுபோல இதிலும் சேர்ப்பதுண்டு. முள் குத்தியதும் காற்றோடு பாலும் துளைக்குள் பாயும். கலந்திருக்கும் நுண்துகள்கள் வாயில் சிக்க, ரப்பர் அவற்றின் மேல் உறைந்து அடைத்துவிடும். ஒரு சக்கரத்துக்கு 40 முதல் 60 மில்லி போதும். இரண்டிலிருந்து ஆறு மாதம் தாங்கும் என்பார்கள். சித்தூர்ப் பக்கத்து ஏப்ரல், மே வெயிலில் அதை நம்பியிருக்க வேண்டாம். மாதம் ஒருமுறை சக்கரத்தைக் காதருகே குலுக்கிப் பாருங்கள். சளசளப்பு இல்லையென்றால் காய்ந்துவிட்டது.

சைக்ளோகிராஸ் வீரர்களில் பலர் இன்னும் டியூப்லெஸை முழுதாக நம்பவில்லை. கூர்மையான திருப்பத்தில் பக்கவாட்டு விசை விளிம்பை ஒரு கணம் பிரிக்க, காற்று ஏப்பம் விட்டதுபோல் வெளியேறி ஆளைச் சாய்த்துவிடும். (எலும்புமுறிவுக்குப் பேர்போன புத்தூர்க் கட்டு பக்கத்திலேயே இருக்கிறது என்பது ஆறுதல் அல்ல.) ஆனால் அந்தத் தொல்லை அவர்களுடையது. நமக்குச் சேறு இல்லை, முள்தான். 40, 45 பிஎஸ்ஐ வைத்து ஓட்டினால் விளிம்பு அசையாது, சீலன்டின் பலன் முழுதாகக் கிடைக்கும். பந்தயக்காரரைவிடத் திருப்பதி யாத்திரைக்காரருக்கே இந்த மாற்றம் அதிகம் பயன்படும் என்பது என் கணிப்பு.

ஆணியோ கண்ணாடியோ பெரிதாகக் கிழித்தால் சீலன்ட் தாங்காது. பைக் டயருக்கு ஒட்டுகிற ரப்பர் திரியையே மெல்லியதாக வாங்கி வைத்துக்கொள்ளலாம். அதுவும் பலிக்காவிட்டால் பையில் ஒரு டியூப் இருக்கட்டும். அதை மாட்டுமுன் டயரின் உட்புறத்தைத் துணியால் தடவி, முள்ளை எல்லாம் பிடுங்கிவிடுங்கள். சீலன்ட் அடைத்துவிட்டதால் உங்களுக்குத் தெரியாமலே ஓடிக்கொண்டிருந்த பத்துப் பதினைந்து முனைகள் அங்கே நின்றிருக்கும். புது டியூப் ஒரு கிலோமீட்டர்கூடத் தாங்காது.