வரைபின் உரிமையும் கட்டற்ற மென்பொருளும்

கணனிவழி வடிவமைப்பிற்கான கட்டற்ற மென்பொருள்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அவற்றின் விலையின்மையையே முதன்மைப்படுத்துவர். விலை புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயினும் அடிப்படைப் பிரச்சினை உரிமை பற்றியதாகும். ஒருவர் தமது உழைப்பால் ஆக்கிய வரைபை நாளை திறப்பதும் திருத்துவதும் யாருடைய தீர்மானத்தில் தங்கியுள்ளன?

இலத்திரனியற் சுற்றுப் பலகைகளை வடிவமைக்கும் துறை இதற்குத் தக்க சான்று தருகின்றது. 1988 இல் ஜேர்மனியில் வெளிவந்த ‘ஈகிள்’ என்னும் மென்பொருள் மாணவரிடையேயும் சிறு உற்பத்தியாளரிடையேயும் பெரிதும் பரவியது. 2016 இல் அது அமெரிக்காவின் ஓட்டோடெஸ்க் நிறுவனத்தின் கைக்கு மாறியது. மறு ஆண்டே, ஒரு தடவை விலைகொடுத்து வாங்கும் முறை நீக்கப்பட்டுச் சந்தா முறை புகுத்தப்பட்டது. தனி மென்பொருள் என்ற வகையில் ஈகிள் 2026 யூன் மாதத்துடன் முடிவுறும் என 2023 இல் அறிவிக்கப்பட்டது. இக்கருவியை நம்பித் தொழில் பயின்றோருக்கு இத்தீர்மானங்களில் எவ்வித இடமும் இருக்கவில்லை.

‘கீகாட்’ மென்பொருளின் வரலாறு இதற்கு மாறானது. பிரான்சின் கிரனோபிளில் ஜோன் பியர் ஷராஸ் 1992 இல் இதனைத் தொடங்கினார். ஜெனீவாவிலுள்ள சேர்ன் அணுக்கரு ஆய்வு நிறுவனம், வன்பொருள் வடிவமைப்புகளைப் பகிர்வதற்கான திறந்த அனுமதிப்பத்திரமொன்றை 2011 இல் வெளியிட்டது. ஆனால் பகிரப்பட்ட வரைபைத் திருத்த விலையுயர்ந்த மென்பொருள் வேண்டுமெனின் அப்பகிர்வு அரைகுறையானதே. இம்முரண்பாட்டைத் தீர்க்கும் நோக்குடன் 2013 தொடக்கம் சேர்ன் பொறியியலாளர் கீகாட்டின் வளர்ச்சியிற் பங்குகொண்டனர். மின்கடத்தும் தடமொன்றை இடும்போது குறுக்கே நிற்கும் தடங்களைத் தானே விலக்கி வழிசெய்யும் வசதி அவர்களது பங்களிப்பாகும்.

கீகாட்டின் கோப்புகள் எவரும் வாசிக்கத்தக்க எழுத்து வடிவில் அமைந்தவை; அதன் மூலநிரலும் யாவர்க்கும் திறந்துள்ளது. ஆதலால் இன்று அதனை வளர்ப்போர் விலகினும் பிறர் தொடரலாம்.

மாற்றம் இடர்ப்பாடற்றதன்று. ஈகிள் வரைபுகளைக் கீகாட் உள்வாங்கும். எனினும் பாகங்களின் அளவுகளையும் இணைப்புகளையும் மீளச் சரிபார்த்தல் இன்றியமையாதது. கைபழகிய முறைகளை விடுத்துப் புதியன கற்கவும் வேண்டும். எனவே கையிலுள்ள வேலையைப் பழைய கருவியிலேயே முடித்து, அடுத்த வேலையைப் புதியதில் தொடங்குதல் நன்று.

கற்பிக்கத் தெரிந்தெடுக்கும் கருவி மாணவரின் அறிவை யாரிடம் அடகு வைக்கின்றது என்ற வினாவைப் பல்கலைக்கழகங்கள் எழுப்பியே ஆகவேண்டும்.