பழைய லேப்டாப்: பணத்தை வாரண்டிக்குப் போடலாமா, எஸ்எஸ்டிக்குப் போடலாமா?

காலேஜ் போகும் பிள்ளைக்கு உள்கடன் எடுத்துப் பழைய லேப்டாப் வாங்கலாமா என்று நெல்லிக்குப்பம் பகுதிக் குழுக்களில் பலர் கேட்கிறீர்கள். வட்டி கட்டப்போவது நாம்தானே, பார்த்துத்தான் வாங்கணும்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ல் நின்றுவிட்டது. விண்டோஸ் 11 ஓட, இன்டெல் பிராசஸர் என்றால் பெரும்பாலும் 8-வது தலைமுறையாவது வேண்டும். 'ஐ5' ஸ்டிக்கரை மட்டும் பார்த்து ஏமாறாதீங்க. ஐ5-8250 என்றால் 8-வது தலைமுறை, ஐ5-4300 என்றால் 4-வது. 2011-ல் தொடங்கிய அரசு விலையில்லா லேப்டாப் திட்டத்தின் ஆரம்பகால மெஷின்களும் இதில் தேறாது.

"கூடக் கொஞ்சம் கட்டுங்க, ஒரு வருஷ வாரண்டி தர்றோம்" என்பார்கள். எதற்கெல்லாம் வாரண்டி என்று கேளுங்க. பேட்டரி, சார்ஜர், உடைந்த ஸ்கிரீன், தண்ணி பட்டது எதுவும் பெரும்பாலும் அதில் வராது. பழைய மெஷினில் முதலில் போவதே பேட்டரிதான்! அந்தப் பணத்தில் ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுவதே மேல். வேகம் கண்ணுக்கே தெரியும். ரேம் 8 ஜிபி இருக்கட்டும். சில மாடல்களில் ரேம் போர்டோடு ஒட்டியிருக்கும், பிறகு கூட்ட முடியாது.

இந்த வேலையை வாங்குகிற கடையிலேயே முடித்துக்கொள்ளுங்கள். வெளியே திறந்தால், "சீல் உடைஞ்சிருக்கு" என்று கடைக்காரர் இலவசமாகத் தரும் வாரண்டியும் போய்விடும். அது எத்தனை மாதம் என்பதையும் சீரியல் நம்பரையும் பில்லில் எழுதி வாங்குங்கள். பில் இருந்தால் 1915-க்குப் போன் போட்டுப் புகார் சொல்லலாம். கடலூர் நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். 5 லட்சம் ரூபாய் வரையுள்ள பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது.