உயர்த்திய ஜீப்பின் உதறல்

பெல்மதுளையிலிருந்து எம்பிலிப்பிட்டிய செல்லும் ஏ 18 வீதியிற் கஹவத்தையைக் கடந்து தெற்கு நோக்கி வருவோர், கொடகவெலவை அடையும்போது இரு வேறு நிலங்களின் வாயிலில் நிற்பதை உணர்வர். தென்மேற்கே இறக்குவானை மலைகளும் தேயிலை, றப்பர்த் தோட்டங்களும் உள. தென்கிழக்கே பல்லேபெத்தையைத் தாண்டியதும் மலை தாழ்ந்து சமநிலம் விரிகின்றது. இவ்வூரில் வண்டி வைத்திருப்போர் ஒரே வண்டியை இரு நிலத்துக்கும் ஓட்டவேண்டியவர். தோட்டத்துக் கல்வீதியில் மணிக்குப் பதினைந்து கிலோமீற்றருக்கு மேற் போகவியலாது. பெருவீதிக்கு வந்தாலோ அறுபது, எழுபது. உயர்த்திய வண்டியின் குணமும் குற்றமும் இங்கு ஒரே நாளில் வெளிப்படுவதற்கு இதுவே காரணம்.

வண்டியை ஏன் உயர்த்துகின்றனர்? மழைக்காலத்திற் கல் பெயர்ந்த வீதியில் வண்டியின் அடிப்பாகம் பாறையில் அடிபடாதிருக்கவும், பெரிய ரயர் பூட்ட இடம் உண்டாகவும். முன்னது தேவை. பின்னது பெரும்பாலும் மோகம் என்பது நம் கருத்து. எவ்வாறாயினும், உயர்த்தியபின் வண்டி உதறத் தொடங்கிற்று என்று முறையிடுவோர் பலர். அவர்கள் செலவிடும் பணமோ பெரும்பாலும் தவறான இடத்திற் போய்ச் சேர்கின்றது.

நம் கல்லூரியிற் பயின்று இப்பகுதித் தோட்டமொன்றிற் கடமையாற்றும் அன்பர் ஒருவரிடம் பழைய மிற்சுபிஷி ஜீப் ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போரிற் பெயர்பெற்ற வில்லிஸ் ஜீப்பை, மிற்சுபிஷி நிறுவனத்தார் உரிமம் பெற்று 1953 முதல் 1998 வரை யப்பானிற் செய்துவந்தனர். அவ்வகையைச் சேர்ந்தது இது. முன்னும் பின்னும் முழு அச்சு; நான்கு மூலையிலும் பட்டை வில். அன்பர் அதனை ஒரு கராஜிற் கொடுத்து, வில்களை மாற்றி 75 மில்லிமீற்றர் உயர்த்தினார். கல்வீதியில் வண்டி ஆட்டுக்கடாப்போல ஏறிற்று. பெருவீதியில் ஐம்பதைத் தாண்டியதும் காலடித் தகடு முரலத் தொடங்கியது. எழுபதில் உள்ளே பேசும் பேச்சுக் கேளாதாயிற்று. கராஜார் சில்லுகளை இருமுறை சமநிலைப்படுத்தினர். இரண்டு ரயர்களை மாற்றுவித்தனர். யுனிவேர்சல் மூட்டுகளின் சிலுவைகளையும் புதிதாக்கினர். முரல் அப்படியே இருந்தது. இரவில் நோயாளியொருவரை லயத்திலிருந்து வைத்தியசாலைக்கு ஏற்றிச் செல்ல நேர்ந்தபோது, நாற்பதுக்கு மேல் ஓட்டச் சாரதி அஞ்சினார். அதன்பின்னரே அன்பர் நம்மிடம் வந்தார்.

நாம் முதலிற் கேட்டது, "எப்போது உதறுகின்றது?" என்பதே. எந்தப் பாகம் கெட்டது என்று ஆராய்வதற்கு முன், எந்த வேகத்தில், எந்த நிலையில் உதறுகின்றது என்று அறிதல் வேண்டும். பிரேக் அழுத்தும்போது மட்டும் உதறினால் பிரேக் உருளையைப் பார்க்க. வேகத்தை மட்டும் பற்றி நின்று, அக்ஸிலறேற்றரை அழுத்தினாலும் விட்டாலும் மாறாதிருந்தால் சில்லையும் ரயரையும் பார்க்க. அழுத்தும்போது ஒருவிதமும் விடும்போது வேறுவிதமும் ஆயின் சுழல்தண்டின் கோணங்களே முதற் சந்தேகத்துக்குரியன. இழுவிசையில் பட்டை வில் முறுகிப் பினியனின் மூக்கு மேலெழும், விட்டதும் தாழும், கோணமும் அதனோடு மாறும். முன்சில்லின் குடத்திற் பூட்டைத் திறந்து முன்தண்டைச் சுழலாது நிறுத்தியபோது முரல் நின்றுவிடுமாயின், குற்றம் முன்தண்டிலுள்ளது. நம் அன்பரின் ஜீப்பில் அது நிற்கவில்லை. அக்ஸிலறேற்றரை விட்டதும் முரலின் குரல் மட்டும் மாறிற்று.

மீடிறனும் ஒரு சாட்சி. ரயரின் விட்டம் 0.8 மீற்றர் என்க. பரிதி ஏறக்குறைய 2.5 மீற்றர். மணிக்கு 60 கிலோமீற்றர் என்பது செக்கனுக்கு 16.7 மீற்றர். ஆகவே சில்லு செக்கனுக்கு 6.7 முறை சுழலும். பின்னச்சின் பற்சக்கர விகிதம் 5 எனக் கொண்டால் சுழல்தண்டு 33 முறை சுழலும். மூட்டுக் கோணத்தாற் பிறக்கும் அதிர்வு ஒரு சுற்றுக்கு இருமுறை வருவதால் அது 67. சில்லின் குறை ஆசனத்தையும் சுக்கானையும் எண்ணத்தக்கதுபோல ஆட்டும். தண்டின் சமநிலைக் குறை பாதத்தில் ரீங்காரமாகும். மூட்டின் குறை அதனினும் நுண்ணிய முரல். இக்காலக் கைத்தொலைபேசிகள் அதிர்வின் மீடிறனை அளந்து காட்டவும் வல்லன. ஆயினும் பழகிய பாதம் போதும். (பெரிய ரயர் பூட்டினால் வேகமானி குறைத்துக் காட்டும் என்பதையும் இங்கே சொல்லிவிடுகின்றோம். 0.72 மீற்றர் விட்டத்துக்குப் பதில் 0.8 மீற்றர் வந்தால், 60 என்று காட்டும்போது வண்டி உண்மையில் 67 கிலோமீற்றர் வேகத்திற் போகின்றது.)

இனி அம்மூட்டின் இயல்பு. ஹூக் மூட்டு என்றும் கார்டான் மூட்டு என்றும் வழங்கும் இச் சிலுவை மூட்டு, கோணத்திற் சுழலும்போது சீராகச் சுழல்வதில்லை. ஒரு பக்கம் சீரான வேகத்திற் சுழன்றாலும், மறுபக்கம் ஒரு சுற்றில் இருமுறை விரைந்து இருமுறை தளரும். அந்த ஏற்றத்தாழ்வு, கோணத்தின் கோசைனுக்கும் அதன் தலைகீழுக்கும் இடைப்பட்டது. 5 பாகையில் அது நூற்றுக்கு அரைப்பங்குக்கும் குறைவு. 11 பாகையில் நூற்றுக்கு இரண்டுக்குச் சற்றுக் குறைவு. 20 பாகையில் நூற்றுக்கு ஆறு. மேல்வகுப்பிலே திரிகோண கணிதத்தை நொந்துகொண்ட மாணவர் இதனைக் கவனிப்பாராக.

இக் குறையை நீக்கும் உபாயம், தண்டின் இரு முனையிலும் சம கோணத்தில் இரு மூட்டுகளை வைப்பது. முன்மூட்டு விளைத்த ஏற்றத்தாழ்வைப் பின்மூட்டு எதிராக ஈடுசெய்யும். இதற்கு நிபந்தனைகள் இரண்டு. கியர்ப் பெட்டியின் வெளித்தண்டும் டிபரென்சியலின் பினியனும் ஒன்றுக்கொன்று சமாந்தரமாக இருத்தல் வேண்டும். தண்டின் இரு முனைக் கவைகளும் ஒரே தளத்தில் நிற்றல் வேண்டும். இரண்டாவது நிபந்தனை சிறு கவனயீனத்தாற் கெடுவது. தண்டின் நீள் பற்களைக் கழற்றிப் பூட்டும்போது ஒரு பல் தவறினால் போதும், புதுச் சிலுவை போட்டும் பயனில்லை. கழற்றுமுன் உளியால் இரு பக்கமும் ஓர் அடையாளமிடுதல் நலம்.

அன்பரின் ஜீப்பை அளப்பதற்கு நாம் எடுத்துச் சென்றது மாணவர் பெட்டியிலுள்ள பாகைமானி ஒன்றும், நூலிற் கட்டிய ஒரு நட்டும். வண்டியைச் சமதரையில், தன் பாரம் முழுவதும் சில்லிலே நிற்கும்படி நிறுத்தினோம். ஜாக்கியில் தூக்கி அளந்தால் அச்சுத் தொங்கிக் கணக்குப் பொய்க்கும். கியர்ப் பெட்டியின் வெளித்தண்டு பின்னோக்கி 3 பாகை சரிந்திருந்தது. சுழல்தண்டின் சரிவு 14. ஆகவே முன்மூட்டில் 11 பாகை. பினியனின் சரிவு 9. பின்மூட்டில் 5 பாகை. பதினொன்றை ஐந்து எவ்வாறு ஈடுசெய்யும்? வில்லுக்கும் அச்சுக்கும் நடுவே 6 பாகை ஆப்பு ஒன்றைக் கராஜார் வைத்திருந்தனர். பினியனைத் தண்டை நோக்கித் திருப்பினால் மூட்டுக்கு நல்லது என்பது அவர்கள் எண்ணம். முன்முனையில் இரட்டை மூட்டு உள்ள தண்டுக்கு அது சரியான வைத்தியமே. முனைக்கு ஒரு மூட்டுள்ள தண்டுக்கு அதுவே நோய்.

ஆப்பை நீக்கியதும் இரு பக்கமும் 11 பாகை ஆயிற்று; முரல் பெரும்பாலும் அடங்கிற்று. எனினும் பெருவீதி ஓட்டத்துக்குப் பதினொன்று மிகை. தண்டின் நடுப்பகுதியே செக்கனுக்கு இருமுறை வேகம் மாறுவதன்று, அறுபத்தேழு முறை மாறுகின்றது. சிலுவையின் ஊசிப் பேரிங்குகள் விரைவில் தேயும். ஜீப்பின் பின்தண்டோ குட்டையானது, 600 மில்லிமீற்றர் அளவே. அந்நீளத்தில் 75 மில்லிமீற்றர் உயர்வு ஏறக்குறைய 7 பாகையைச் சேர்க்கும். நீண்ட தண்டுள்ள வண்டியில் அதே உயர்வு பாதி கேடும் செய்யாது. மேலும் தண்டு ஏறக்குறைய 14 மில்லிமீற்றர் நீளவேண்டியிருந்தது; அவ்வளவும் நீள் பற்களின் பிடிப்பிலிருந்து குறைந்தது. உயர்வை 50 மில்லிமீற்றராகக் குறைக்குமாறு கூறினோம். அன்பர் மனமின்றியே இசைந்தார். கோணம் ஒன்பதளவிற்கு இறங்கியது.

முரல் போயிற்று, ஆனாற் சுக்கான் நேரே நிற்கவில்லை. இதுவும் உயர்வின் விளைவே. சுக்கான் பெட்டியின் கரத்திலிருந்து சில்லுக்குச் செல்லும் இழுதண்டு முன்பு படுக்கையாக இருந்தது. இப்போது சரிந்து கிடந்தது. சரிந்த தண்டு குறுகியதற்கு ஒப்பாகும். ஆகவே சில்லு சற்றே திரும்பிவிடும். சுக்கான் வளையத்தை மட்டும் கழற்றி நேராக வைத்தல் வேலையன்று. இழுதண்டின் நீளத்தைத் திருத்துதல் வேண்டும். சரிவு மிகையாயின் தாழ்ந்த கரம் ஒன்றைப் பூட்டுதல் வேண்டும். இல்லையேற் குழியில் விழும்போதெல்லாம் வண்டி தானே பக்கம் திரும்பும். விற்சுருளும் குறுக்குத் தண்டும் உள்ள வண்டிகளில், உயர்த்தியதும் அச்சே ஒரு பக்கம் இழுபடும். அவற்றிற் குறுக்குத் தண்டும் இழுதண்டும் சமாந்தரமாக நிற்றல் அவசியம்.

அடுத்தது காஸ்ரர் என்னும் பின்சாய்வு. சைக்கிளின் முன் கவையைப் பாருங்கள். அதன் சாய்வுக் கோட்டை நீட்டினால், ரயர் நிலந்தொடும் இடத்துக்குச் சற்று முன்னே தரையைத் தொடும். கையை விட்டாலும் சைக்கிள் நேரே செல்வதற்கு அச்சாய்வு பெரிதும் உதவுகின்றது. ஜீப்பின் முன்னச்சும் அவ்வாறே சாய்ந்து நிற்கின்றது. விற்சுருள் வண்டியில், ஒரு மீற்றர் நீளக் கரத்தில் தாங்கிய அச்சை 50 மில்லிமீற்றர் தாழ்த்தினால் ஏறக்குறைய 3 பாகை சாய்வு இழந்துபோகும். மூன்று பாகையே கொண்ட வண்டியில் மிஞ்சுவது ஒன்றுமில்லை. பட்டை வில் வண்டியில் நீண்ட ஷக்கிள் பூட்டி உயர்த்துவோர் இரண்டை அறிதல் வேண்டும்: ஷக்கிள் நீண்டதிற் பாதியே அச்சுக்கு உயர்வாகக் கிடைக்கும், ஷக்கிள் வில்லின் முன்முனையில் இருப்பின் பின்சாய்வு குறையும். முன்னச்சின் ஆப்பு இதற்கே உரியது.

சாய்வு குறைந்த வண்டியிற் சுக்கான் இலகுவாகும். புதிதாக ஓட்டுவோர் அதைக் கண்டு மகிழ்வர். பின்பு ஒருநாள், மணிக்கு ஐம்பது அறுபதில் ஒரு குழியைத் தொட்டதும் முன்சில்லுகள் இரண்டும் இடமும் வலமுமாக வெறிகொண்டு உதறும். அந்நேரத்திற் பிரேக்கை ஓங்கி மிதித்தல் ஆகாது. சுக்கானை உறுதியாகப் பற்றி, அக்ஸிலறேற்றரை விட்டு, வேகம் தளர விடுதல் வேண்டும். காரணம் ஒன்றன்று. தேய்ந்த தண்டுமுனை, தளர்ந்த திருப்பாணிப் பேரிங், சமநிலையற்ற கனத்த ரயர், குறைந்த பின்சாய்வு ஆகியன கூடிச் செய்வது அது. ஒருவர் சுக்கானை அசைக்க மற்றொருவர் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டையும் விரலாற் தொட்டுப் பார்த்தாற் தளர்வு தெரியும். இதனை விடுத்துச் சுக்கானுக்கு அதிர்வுதாங்கி ஒன்றைப் பூட்டி உதறலை அடக்குவோரும் உளர். அது காய்ச்சலைத் தணித்து நோயை உள்ளே வைப்பதாகும். தாங்கி சோர்ந்த அன்று உதறல் முன்னிலும் கடிதாய் மீளும்.

சில்லுகளின் உட்குவிவைக் கராஜின்றியே அளக்கலாம். முன்சில்லைத் தூக்கிச் சுழற்றி, ரயரின் நடுவில் ஆணியாற் கோடு கீறுக. வண்டியை இறக்கிச் சிறிது தூரம் முன்னே உருட்டி நிறுத்தி, அச்சின் உயரத்தில் முன்பக்கமும் பின்பக்கமும் கோட்டுக்குக் கோடு அளக்க. பழைய ஜீப்புகளில் முன்னளவு ஓரிரு மில்லிமீற்றர் குறைந்திருத்தல் தகும். சரியான எண்ணை வண்டியின் கைந்நூல் சொல்லும். உட்குவிவைத் திருத்துவது கடைசி வேலை. பின்சாய்வும் இழுதண்டும் செம்மையுறுமுன் அதைத் திருத்தினால் மீண்டும் திருத்த நேரும்.

முன்சில்லுகள் தனித்தனியே தொங்கும் இக்காலப் பிக்கப் வண்டிகளில் முறுக்குத் தண்டை இறுக்கி முன்புறத்தை உயர்த்துவர். அங்கு அரைத்தண்டுகளின் கோணம் பெருகி றப்பர் உறை கிழிவதும், சில்லின் சாய்வும் உட்குவிவும் மாறி ரயரின் ஒரு விளிம்பு மட்டும் தேய்வதும் வழக்கம். கணினி கொண்டு அளக்கும் நிலையத்துக்கு அவ்வண்டியைக் கொண்டுசெல்லுதலே நன்று.

அன்பரின் ஜீப் இப்போது எழுபதில் அமைதியாகச் செல்கின்றது. முதல் நூறு கிலோமீற்றர் ஓடியதும் யூ போல்ற்றுகளை மீண்டும் இறுக்கச் சொன்னோம். நான்கில் இரண்டு கால்சுற்றுத் தளர்ந்திருந்தன. அச்சு முழுதாகத் தொங்கும்போது பிரேக் குழாய் இழுபடுகின்றதா என்று பார்த்தோம். பின்புறத்தில் இழுபட்டது. நீளமான குழாய் ஒன்று மாற்றப்பட்டது.