லேஸ் தைத்த தாயும் கடையை விட்ட தந்தையும்

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



உயிர்ப்புப் பெருவிழாவுக்குப் பின் வீடுகளை மந்திரிக்கச் செல்வது நம் பங்குகளில் வழக்கம். அப்படிப் போன ஒரு வீட்டில், இரவுப்பணி முடித்து அப்போதுதான் வந்திருந்த ஒரு தாய், தன் ஒன்றரை வயது மகனைத் தூக்கக் கை நீட்டினார். குழந்தை அழுதுகொண்டே பாட்டியின் சேலைக்குள் ஒளிந்துகொண்டது. எல்லாரும் சிரித்தார்கள். அந்தத் தாயும் சிரித்தார். நான் தீர்த்தம் தெளித்துவிட்டுப் புறப்படும்போது, வாசல்வரை வந்து மெதுவாகச் சொன்னார்: "இவனுக்காகத்தான் சாமி சம்பாதிக்கிறேன். இவனுக்கே என்னைத் தெரியமாட்டேங்குது."

அன்று நான் ஏதோ ஆறுதல் சொன்னேன். என்ன சொன்னேன் என்று இப்போது நினைவில்லை. நினைவில் நிற்கும்படியான ஆறுதலாக அது இருந்திருக்காது. அவரிடம் சொல்லியிருக்க வேண்டிய ஒரு வீட்டின் கதையை இன்று உங்களிடம் சொல்கிறேன்.

பிரான்சு நாட்டின் வடமேற்கே, நார்மண்டிப் பகுதியில், அலென்சோன் என்று ஓர் ஊர். 1873ஆம் ஆண்டு மே மாதம், ஒரு வியாழக்கிழமை. அந்த வீட்டின் கடைசிக் குழந்தைக்கு வயது ஐந்து மாதம்கூட ஆகவில்லை. தாயிடம் பால் இல்லாததால், அருகிலுள்ள செமாலே என்ற கிராமத்தில் ரோஸ் என்ற விவசாயப் பெண்ணிடம் அது வளர்ந்து வந்தது. ரோஸ் தன் வெண்ணெயை விற்கச் சந்தைக்கு வந்தவர், குழந்தையைப் பெற்ற தாயிடம் விட்டுவிட்டுப் போனார். போனதுதான் தாமதம், குழந்தை வீறிட்டு அழத் தொடங்கியது. யார் தூக்கியும் அடங்கவில்லை. கடைசியில் வீட்டுப் பணிப்பெண் குழந்தையைச் சந்தைக்கே தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதாயிற்று. ரோசின் முகத்தைக் கண்டதும் குழந்தை சிரித்தது. நண்பகல்வரை, வெண்ணெய் விற்கும் பெண்கள் நடுவே சத்தமில்லாமல் இருந்தது. இதைத் தாயே தன் கடிதத்தில் எழுதிவைத்திருக்கிறார்.

அந்தக் குழந்தைதான் நம் ஊர்களில் எத்தனையோ பள்ளிகளுக்கும் கெபிகளுக்கும் பெயர் தந்திருக்கிற சிறுமலர், குழந்தை இயேசுவின் புனித தெரேசா. அழும் குழந்தையைச் சந்தைக்கு அனுப்பிவிட்டு நின்ற அந்தத் தாயும் இன்று புனிதர்தான். பெயர் செலி. கணவர் பெயர் லூயி மார்ட்டின். 2015ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் நாள், உரோமையில் குடும்பம் பற்றிய ஆயர் மாமன்றம் நடந்துகொண்டிருந்தபோது, திருத்தந்தை பிரான்சிஸ் இவ்விருவரையும் புனிதர்களாக அறிவித்தார். மறைச்சாட்சிகளாக அல்லாமல், கணவனும் மனைவியுமாகவே இருவர் சேர்ந்து அந்நிலைக்கு உயர்த்தப்பட்டது அதுவே முதன்முறை. சூலை 12 இவர்களுடைய நினைவு நாள்.

சிறுமலரின் பெற்றோர் என்றதும் நமக்குத் தோன்றுவது செபமாலையும் கையுமாக அமர்ந்திருக்கும் ஒரு குடும்பப் படம். அவர்கள் செபித்தார்கள், அதில் ஐயமில்லை. அதிகாலைத் திருப்பலிக்குத் தவறாமல் போனவர்கள். ஆனால் செலி ஒரு தொழில் முனைவோர் என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை. திருமணத்திற்கு முன்பே, தன் இருபதுகளின் தொடக்கத்தில், அலென்சோன் லேஸ் செய்யும் தொழிலைத் தொடங்கியவர். கன்னியராக விரும்பிச் சென்று, ஏற்றுக்கொள்ளப்படாமல் திரும்பியவர். லூயியும் அப்படித்தான், துறவு மடத்தின் கதவைத் தட்டி, இலத்தீன் தெரியாததால் திருப்பி அனுப்பப்பட்டவர். பிறகு கடிகாரக் கடையும் நகைக்கடையும் வைத்தார். 1858ஆம் ஆண்டு சூலை மாதம் இருவருக்கும் திருமணம்.

அந்த லேஸ் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இயந்திரம் கிடையாது. ஊசியும் நூலும் மட்டும். தோல் போன்ற காகிதத்தில் துளையிட்டு வரைந்த வடிவத்தின்மேல் நூலோட்டி, பிறகு வலைபோல நிரப்பி, ஓரம் கட்டி, ஒவ்வொரு கட்டத்தையும் அதில் தேர்ந்த வேறு வேறு பெண்கள் செய்வார்கள். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 7 மணி நேரம் ஆகும் என்று கணக்கிடுகிறார்கள். நம் சட்டைப் பொத்தான் அளவு இடத்துக்கு ஒரு பகல் பொழுது! 2010இல் யுனெஸ்கோ இந்தக் கைத்திறனை மனிதகுலத்தின் மரபுச் செல்வமாகப் பட்டியலில் சேர்த்தது. செலியிடம் வேலை செய்த பெண்கள் தங்கள் வீடுகளிலேயே தைத்து, வியாழக்கிழமைதோறும் கொண்டுவந்து ஒப்படைத்து, கூலியும் புதிய வேலையும் வாங்கிப் போவார்கள். மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றி, கட்டுக்கட்டாகக் கொண்டுபோய்க் கொடுக்கும் நம் நெல்லைச் சீமைத் தாய்மாருக்கு இந்த ஏற்பாட்டை விளக்க வேண்டியதில்லை. வந்த துண்டுகளை இணைப்பே தெரியாமல் ஒன்றாகத் தைப்பதுதான் மிகக் கடினமான வேலை. அதைச் செலி தம் கையால், வீட்டுச் சன்னலருகே அமர்ந்து செய்தார்.

இப்போது அந்த வியாழக்கிழமையை மறுபடி பாருங்கள். வேலைக்காரப் பெண்கள் வந்து கணக்குக் கொடுக்கும் நாள். அதே நாளில்தான் தன் குழந்தை தன்னைக் கண்டு அலறுகிறது.

இந்தத் தாய் எழுதிய கடிதங்கள் 200க்கும் மேல் கிடைத்திருக்கின்றன. அவற்றில் புனிதர் வரலாறுகளில் நாம் எதிர்பார்க்காத முணுமுணுப்புகள் உண்டு. ஆர்டர் அதிகம் வந்தால் அடிமைபோல உழைக்க வேண்டியிருக்கிறது என்பார். ஆர்டர் குறைந்தால், தேடிப்பிடித்த வேலையாட்களை வேறு முதலாளிகளிடம் அனுப்ப வேண்டிவருமே என்று தூக்கம் கெடும். வேலை இருந்தாலும் துன்பம், இல்லாவிட்டாலும் துன்பம். களைப்பை அவர் பக்தி வார்த்தைகளால் மூடவில்லை. எனக்கு அவர்மீது மதிப்பு கூடியது அங்கேதான்.

ஒன்பது குழந்தைகள் பிறந்தார்கள். நால்வர் சிறு வயதிலேயே இறந்தார்கள். அவர்களில் ஒரு பெண் குழந்தை, நம்பி ஒப்படைத்த செவிலித்தாய் சரியாகப் பாலூட்டாததால் 1870இல் இறந்தது. ஆகவே 1873இல் சிறிய தெரேசாவும் மெலிந்துகொண்டே போனபோது செலியின் மனம் எப்படி இருந்திருக்கும்! ஒரு மார்ச் மாதத்து விடியற்காலையில் செமாலே கிராமத்துக்குத் தனியாக நடந்தே போய் ரோசை அழைத்து வந்தார். குழந்தை பிழைத்தது. ஆனால் ஓராண்டுக்கு மேல் ரோசின் குடிசையில்தான் வளர்ந்தது. குழந்தையை வேறொருவர் கையில் விட்டது செலியின் குறையா? அதுதான் குழந்தையைக் காப்பாற்றியது. நம் வீடுகளில் பாட்டியிடமும், பால்வாடியிலும், பக்கத்து வீட்டு அக்காவிடமும் வளரும் குழந்தைகளின் தாய்மார் இதைக் கேட்டுக்கொள்ளலாம். குழந்தை தெரேசா 1874 ஏப்ரலில் வீடு திரும்பியது. அதன்பின் தாயின் நிழலைவிட்டு நகராத பிள்ளையாயிற்று.

தந்தையர் பக்கம் வருகிறேன். லூயியின் கடை நன்றாகத்தான் நடந்தது. ஆனால் மனைவியின் தொழில் அதைவிட வேகமாக வளர்ந்தது. 1870இல் லூயி தன் கடையைத் தன் சகோதரியின் மகனுக்குக் கைமாற்றினார். லேஸ் தொழிலின் கணக்கு வழக்கு, பாரிசுக்குப் போய் ஆர்டர் பிடிப்பது, அனுப்புவது எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டில், ஓர் ஆண் தன் கடைப் பலகையை இறக்கிவிட்டு மனைவியின் தொழிலுக்குத் துணை நின்றிருக்கிறார். ஊர் என்ன பேசியிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். "பொண்டாட்டி சம்பளத்துல உக்காந்து சாப்பிடுறான்" என்று இன்றும் நம் தெருவில் பேசத்தானே செய்கிறோம். செலி பயணம் போனபோதும், நோயுற்ற பிள்ளைகள் அருகே இரவு விழித்தபோதும் லூயி வீட்டில் இருந்தார். மீன்பிடிப்பதில் அவருக்குக் கொள்ளை ஆசை. பிடித்த மீனைக் கிளாரா சபைக் கன்னியருக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார். இது இந்த உரைக்குத் தேவையில்லாத செய்திதான், ஆனால் எனக்குப் பிடித்த செய்தி.

ஞாயிறன்று லூயி கடை திறந்ததில்லை. கிராமத்து மக்கள் திருமண நகை வாங்க ஊருக்குள் வருவதே ஞாயிறன்றுதான். நண்பர்கள் வற்புறுத்தியும் அவர் கேட்கவில்லை. இதைச் சொல்லி, ஞாயிறு பணிக்குப் போகும் செவிலியரையும் பேருந்து ஓட்டுநரையும் நான் குறைகூறப் போவதில்லை. லூயி தன் கடைக்குத் தானே முதலாளி. பூட்டும் சாவியும் அவர் கையில் இருந்தது. பணிப் பட்டியலை வேறொருவர் போடுகிறவர்களிடம் அந்தச் சாவி இல்லை. இந்த மறையுரையைக் கேட்கிற முதலாளிகளிடம்தான் அது இருக்கிறது.

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், 1981ஆம் ஆண்டு மனித உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலில், ஒருவரின் ஊதியம் குடும்பத்தைத் தாங்கும் அளவுக்கு இருக்க வேண்டும் என்றும், பெண்கள் பணியில் முன்னேறுவதற்கு விலையாகக் குடும்பத்தை இழக்க வேண்டியிராதபடி வேலைமுறையே அமைய வேண்டும் என்றும் கற்பித்தார். நம் நாட்டுச் சட்டமும் சிலவற்றைச் சொல்கிறது. 2017இல் மகப்பேறு நலச் சட்டம் திருத்தப்பட்டதிலிருந்து, முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் ஊதியத்துடன் விடுப்பு. 50 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும்; தாய் நாளொன்றுக்கு நான்கு முறை அங்கே போய்வரலாம். தமிழ்நாட்டில் 2021இல்தான், கடைகளில் நாள் முழுதும் நிற்கும் பணியாளர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டம் வந்தது. ஒரு நாற்காலிக்குச் சட்டம் தேவைப்பட்டிருக்கிறது! இங்கே ஒரு கேள்வியை நம்மை நோக்கியும் கேட்க வேண்டும். திரு அவையின் பெயரால் நடக்கும் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் எத்தனை இடத்தில் அந்தக் காப்பகம் உண்மையாகவே இயங்குகிறது? அருள்தந்தையர்களாகிய நாங்கள் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது.

நீதிமொழிகள் நூலின் கடைசி அதிகாரத்தைத் திருமணத் திருப்பலிகளில் அடிக்கடி வாசிக்கிறோம். வாசித்துவிட்டு, "பெண் வீட்டுக்கு விளக்கு" என்று பேசி முடித்துவிடுகிறோம். அந்த அதிகாரத்தின் பெண் என்னென்ன செய்கிறார் என்று நிதானமாக எடுத்துப் பாருங்கள். நிலத்தை மதிப்பிட்டு வாங்குகிறார். திராட்சைத் தோட்டம் போடுகிறார். துணி நெய்து வணிகருக்கு விற்கிறார். இரவில் அவர் விளக்கு அணையாமல் எரிவது வேலை முடியாததால். இப்படிப்பட்ட பெண்ணைத்தான் விவிலியம் புகழ்கிறது.

கடைசியாக ஒன்று. இதைச் சொல்லாமல் விட்டால் நான் உங்களுக்கு இனிப்பை மட்டும் கொடுத்தவனாவேன். மார்ட்டின் வீட்டின் மூன்றாவது மகள் லெயோனி. படிப்பு ஏறவில்லை, பிடிவாதக்காரி, பள்ளியிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவள். ஏன் இப்படி இருக்கிறாள் என்று தாய் பல ஆண்டுகள் கவலைப்பட்டார். 1877இல்தான் காரணம் ஒன்று வெளிப்பட்டது. பத்தாண்டுகளுக்கு மேல் அந்த வீட்டில் இருந்த பணிப்பெண், தாய் லேஸ் வேலையில் மூழ்கியிருந்த நேரங்களிலெல்லாம் லெயோனியை மிரட்டி, தனக்கு மட்டுமே கீழ்ப்படியும்படி அடக்கிவைத்திருந்தார். அந்தப் பெண் கெட்டவர் அல்லர். நன்றாக உழைத்தவர், குடும்பத்தின்மேல் பாசம் உள்ளவர். ஆகவேதான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. சிறுமியும் பயத்தில் வாய் திறக்கவில்லை. மூத்த மகள் மரிதான் முதலில் கவனித்துத் தாயிடம் சொன்னாள்.

அப்போது செலிக்கு மார்பகப் புற்றுநோய் முற்றியிருந்தது. அறுவை சிகிச்சைக்கு வழியில்லை என்று மருத்துவர் முந்தைய ஆண்டின் இறுதியிலேயே சொல்லிவிட்டார். அவர் தன்னைத்தானே நொந்துகொண்டு உட்கார்ந்துவிடவில்லை. லெயோனியைப் பணிப்பெண்ணின் பிடியிலிருந்து விலக்கித் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டார். போகும் இடமெல்லாம் கூட்டிப்போனார். பேசவிட்டார். சில வாரங்களிலேயே அந்தப் பிள்ளை தாயைவிட்டுப் பிரிய மறுத்தாள். நான் இன்னும் கொஞ்ச காலம் வாழவேண்டும், இந்தப் பிள்ளைக்கு நான் தேவை என்பதே செலியின் ஏக்கமாயிற்று. சூன் மாதம் லூர்து நகருக்குத் திருப்பயணம் போனார், குணமாகவில்லை. ஆகஸ்டு 28ஆம் நாள், 45 வயதில் இறந்தார்.

ஆகவே, வேலைக்குப் போகும் தாய்மாரே, தந்தையரே, மாலையில் வீடு திரும்பியதும் "சாப்பிட்டியா, ஹோம்வொர்க் முடிச்சியா" என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். "இன்னிக்கு யார்கூட இருந்தே? உனக்கு யாரைப் பார்த்தாலாவது பயமா இருக்கா?" என்றும் கேளுங்கள். பதில் உடனே வராது. பத்து நாள் கேட்டால் பதினோராம் நாள் வரும். பிள்ளை முரண்டு பிடித்தால், அடிக்கக் கை ஓங்குவதற்கு முன் லெயோனியை நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்த லெயோனி, கன்னியர் மடத்தில் சேர மூன்று முறை முயன்று மூன்று முறையும் திரும்பி வந்தார். 1899இல் நான்காவது முறையாகக் கான் நகரின் மினவுதல் சபை மடத்துக்குள் போனார். 1941இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். 2015ஆம் ஆண்டு, பெற்றோர் புனிதர்களாக அறிவிக்கப்படுவதற்குச் சில மாதங்களுக்கு முன், அவரைப் புனிதராக்குவதற்கான விசாரணையும் தொடங்கப்பட்டது.